லூபஸ் வந்த புதிதில் மனசைத் தாங்கிப் பிடிப்பது எப்படி: படிப்படியான வழிகாட்டி

எதிர்ப்புச் சக்தி தடம் மாறி நம் உடம்பையே தாக்கும் நோய் லூபஸ். அந்தப் பெயரைச் சீட்டில் எழுதியதும் டாக்டர் மாத்திரைகளைச் சொல்வார், அடுத்த ரத்தப் பரிசோதனைக்குத் தேதி சொல்வார், வெயிலில் போகாதீர்கள் என்பார். மனசைப் பற்றி ஒரு வார்த்தை வராது. வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது அவரைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டுக்கு வந்தால் "தைரியமா இரு" என்பார்கள். எப்படி இருப்பது என்று யாரும் சொல்வதில்லை.

எனக்கும் லூபஸ்தான். என் அனுபவத்தில் மனசு கையை விட்டுப் போகிற நேரங்கள் இவை: பழைய ரிப்போர்ட் கிடைக்காமல் அலமாரியைக் கலைக்கும்போது, மாதக் கடைசியில் மாத்திரை தீரும்போது, ராத்திரி ஜுரம் ஏறி யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழிக்கும்போது. இவற்றை முன்கூட்டியே ஓரளவு ஒழுங்கு செய்து வைக்க முடியும். அதனால் இந்த வழிகாட்டியில் ஃபைல், செலவு, ஃபோன் நம்பர் எல்லாம் நிறைய இருக்கும். தியானம் பற்றி எழுதவில்லை. அது பிடித்தவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பார்கள்.

முடக்குவாதம், ஷோக்ரன் (கண், வாய் வறளும் நோய்) போன்ற மற்ற ஆட்டோஇம்யூன் நோய்கள், அதாவது எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்கள், உள்ளவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். மருந்துப் பெயர்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

1. நோயா, மருந்தா, மனசா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

அழுகை, எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை. இவை வந்தால் உடனே "எனக்கு மனவலிமை போதாது" என்று முடிவு கட்டாதீர்கள். காரணம் வேறு எங்கேயாவது இருக்கலாம்.

மருந்திலிருந்து ஆரம்பியுங்கள். ப்ரெட்னிசோலோன் மாதிரியான ஸ்டீராய்டு மாத்திரை மனநிலையை நேரடியாக மாற்றும். அளவு கூடக்கூட இதற்கான வாய்ப்பும் கூடும். ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் போனால் இன்னும் அதிகம். பெரும்பாலும் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். சிலருக்குக் காரணமில்லாத கோபம். சிலருக்கு நேர் எதிராக அளவுக்கு மீறிய உற்சாகம், ராத்திரி இரண்டு மணிக்குப் பரணைச் சுத்தம் செய்யத் தோன்றும். அளவைக் குறைக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு இது அடங்கிவிடும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வேளையாக எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், தூக்கம் கொஞ்சம் தேறும்.

இங்கே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. "இந்த மாத்திரையால்தான் இப்படி ஆகிறேன்" என்று நீங்களாகவே ஸ்டீராய்டை நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் அதை எடுத்த உடம்பு, தானாகச் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனைக் குறைத்துக்கொண்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி, மயக்கம் போட்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் டாக்டர் எழுதிக்கொடுத்த கணக்குப்படி.

அடுத்தது நோய். லூபஸ் மூளையையும் தொடும். வலிப்பு, ஆள் இடம் தெரியாத குழப்பம், இல்லாத குரல் கேட்பது, முன்னெப்போதும் இல்லாத தலைவலி, ஒரு பக்கக் கைகால் பலமிழப்பு இவற்றில் ஏதாவது வந்தால் கவுன்சலிங் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். "பயத்துல ஏதோ பேசுது" என்று வீட்டில் விட்டுவிடக் கூடாது என்பதை இப்போதே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, டி குறைவு ஆகியவையும் ஆளைச் சுருட்டிப் படுக்கவைக்கும். லூபஸ் உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து இருப்பது அபூர்வமில்லை. அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது ஹீமோகுளோபினோடு டி.எஸ்.எச். (தைராய்டுக்கான பரிசோதனை), பி12 பார்க்கலாமா என்று கேளுங்கள். எனக்கு ஒரு தனியார் கிளினிக்கில் "எல்லாம் டென்ஷன்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். தைராய்டு குறைவாக இருந்தது வேறொரு இடத்தில்தான் தெரிந்தது.

சரி, எதனால் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சின்ன நோட்டில் தினமும் மூன்று விஷயம் எழுதுங்கள்: அன்றைய ஸ்டீராய்டு அளவு, தூங்கிய நேரம், மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். இரண்டு வாரம் போதும். "மனசு சரியில்லை டாக்டர்" என்றால் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். "20-லிருந்து 40 ஆக்கிய நாலாவது நாளிலிருந்து மூன்று மணி நேரம்தான் தூங்குகிறேன்" என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

2. ஃபைலும் ஒரு பக்கச் சுருக்கமும்

ஒவ்வொரு புது டாக்டரிடமும் முதலிலிருந்து கதை சொல்வது எவ்வளவு களைப்பு என்று போகப்போகத் தெரியும். அதை ஒரு தாள் குறைத்துவிடும். ஒரே ஒரு பக்கம், கையெழுத்திலேயே இருக்கலாம். அதில் இருக்க வேண்டியவை:

பெயர், வயது, ரத்த வகை. நோயின் பெயர், கண்டுபிடித்த மாதமும் வருடமும். எந்தெந்த உறுப்பைத் தொட்டிருக்கிறது (தோல், மூட்டு, சிறுநீரகம்). இப்போதைய மாத்திரைகளும் அளவும். ஒத்துக்கொள்ளாத மருந்துகள். கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம், சி3, சி4, டி.எஸ்.டி.என்.ஏ. அளவுகள், தேதியோடு (முதல் இரண்டும் சிறுநீரகத்துக்கு, மற்றவை நோயின் வேகத்துக்கு; ரிப்போர்ட்டில் இதே பெயரில் இருக்கும்). டாக்டர் பெயர், வீட்டில் இருவரின் ஃபோன் நம்பர்.

அதற்குப் பின்னால் ரிப்போர்ட்டுகள், புதியது மேலே. ஏ.என்.ஏ. (லூபஸைக் கண்டுபிடிக்க எடுக்கும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டின் மூலப்பிரதியை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். மருந்துக் கடை பில் சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத்தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள். லேபிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் பி.டி.எஃப். கோப்புகளை உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பி வைத்தால் ஃபோன் தொலைந்தாலும் கவலையில்லை.

3. பணக்கணக்கை வெளிச்சத்தில் போடுங்கள்

ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பதில் பாதி இந்தக் கணக்குதான். மனசுக்குள் வைத்திருக்கும் தொகை எப்போதும் நிஜத்தைவிடப் பெரிதாகவே தெரியும். எழுதிப் பாருங்கள்.

மாதச் செலவு, மூன்று மாதச் செலவு, வருடச் செலவு என்று மூன்று பத்தி போதும். மாதத்தில் மாத்திரைகள். மூன்று மாதத்தில் ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை, டாக்டர் கட்டணம், போக்குவரத்து, கூட வருபவரின் ஒருநாள் சம்பள இழப்பு. இந்தக் கடைசியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். வருடத்தில் கண் பரிசோதனை: லூபஸுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் எடுப்பவர்கள் முதல் வருடத்துக்குள் ஒருமுறை விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதற்கு முன்பே.

செலவைக் குறைக்கும் வழிகள்:

அரசு மருத்துவமனை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரூமட்டாலஜி துறை (மூட்டு, ஆட்டோஇம்யூன் நோய்களுக்கானது) தனியாகவே இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்றே துறைகள் உண்டு, சி.எம்.சி. கட்டண மருத்துவமனை. எந்தக் கிழமை ஓ.பி. என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் கிழமை மாறி வந்து திரும்பிப் போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

மருந்து. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விலை கணிசமாகக் குறையும். எல்லா மருந்தும் எல்லாக் கடையிலும் இருக்காது. பட்டியலோடு ஒருமுறை போய், எது எப்போதும் கிடைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் வேண்டும். பதிவு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கைமாறி வர நாளாகும் என்பதால் நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள். இது பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கு. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு உதவும் என்று எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

தனியார் காப்பீடு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 விதிகளின்படி அதிகபட்சம் மூன்று வருடம். நோயை மறைத்துப் பாலிசி எடுக்கச் சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. கேட்காதீர்கள், தேவைப்படும் நேரத்தில் கைவிரித்துவிடுவார்கள். வேலை பார்க்கும் இடத்தில் குழுக் காப்பீடு இருந்தால் அதை முதலில் படியுங்கள். பலவற்றில் இந்தக் காத்திருப்பே கிடையாது.

4. மனநல உதவியை எப்போது, எங்கே, எவ்வளவுக்கு

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் மனசு ஒட்டவில்லையா? மாத்திரையை வேண்டுமென்றே தவிர்க்கிறீர்களா? "நான் இல்லாவிட்டால் இவர்களுக்காவது நிம்மதி" என்ற நினைப்பு வருகிறதா? முதல் இரண்டுக்கு ஒரு வாரத்துக்குள் யாரையாவது பாருங்கள். மூன்றாவதற்கு இன்றைக்கே. 14416 டெலி-மானஸ் எண்; இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். லூபஸ் என்றால் என்ன என்று எடுப்பவருக்கு நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கலாம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் பேச வேண்டிய விஷயம் வேறு.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வித்தாள் தமிழிலும் இருக்கிறது. மொத்தம் 27 மதிப்பெண், பத்தோ அதற்கு மேலோ வந்தால் ஆளைப் பார்க்க வேண்டும். ஆனால் களைப்பு, தூக்கம், பசி பற்றிய கேள்விகளுக்கு லூபஸ்காரர்கள் பலருக்கும் மதிப்பெண் ஏறிவிடும். அதனால் மொத்தத்தை மட்டும் பார்க்காமல், முதல் இரண்டு கேள்விகளையும் (ஆர்வமின்மை, சோகம்) கடைசியான ஒன்பதாவது கேள்வியையும் (சாவு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நினைப்பு) தனியாகப் பாருங்கள். கடைசிக் கேள்விக்குப் பூஜ்யம் தவிர எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

யாரைப் பார்ப்பது? மருந்து எழுதக்கூடியவர் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மேற்படிப்பு படித்தவர். பேச்சுச் சிகிச்சைக்கு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் சொல்ல வேண்டும், கேட்கத் தயங்காதீர்கள். வெறும் "கவுன்சிலர்" என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம்; சில வார வகுப்பு முடித்தவர்களும் இருக்கிறார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு ஓ.பி. இலவசம். தனியாரில் நான் பார்த்தவரை ஒரு அமர்வுக்கு 800 முதல் 2,000 ரூபாய் வரை வாங்குகிறார்கள். பேச்சுச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதில்லை, ஆறு எட்டு அமர்வாவது ஆகும். மொத்தத்துக்கும் கணக்குப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பாதியில் பணம் தீர்ந்து நிற்பது ஆரம்பிக்காததைவிட வருத்தமாக இருக்கும். வெளியூர்க்காரர்கள் ஒருமுறை நேரில், ஒருமுறை ஃபோனில் என்று மாற்றி மாற்றிப் பேசலாமா என்று கேட்டால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

போகும்போது அந்த ஒரு பக்கத் தாளைக் கொண்டுபோங்கள். ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் எடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். எஸ்சிடலோப்ராம் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகளோடு சேரும்போது இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம் என்பதால் டாக்டர் ஈ.சி.ஜி. பார்க்கலாம் அல்லது வேறு மாத்திரை தேர்ந்தெடுக்கலாம். மூட்டுவலிக்கு வலிமாத்திரை போடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும், வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் "ஒன்றும் ஆகவில்லை" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

5. யாரிடம் எவ்வளவு சொல்வது

எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்ளே இருப்பவர்களுக்கு முழுசாக. டாக்டரிடம் போகும்போது ஒருமுறையாவது கணவரையோ அம்மாவையோ உள்ளே கூட்டிப்போய், கேள்வியை அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் பத்து முறை சொன்னால் ஏறாதது டாக்டர் ஒருமுறை சொன்னால் ஏறும்.

சொந்தக்காரர்களுக்கு இரண்டு வரி: "ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி மாறி வேலை செய்யுது. ஒட்டுற நோய் இல்ல, மாத்திரை சாப்பிடுறேன்." அவ்வளவுதான். ஸ்டீராய்டால் முகம் உப்பினதைப் பார்த்து "நல்லா பூசின மாதிரி ஆயிட்டியே" என்பார்கள். பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை.

கல்யாணமாகாத பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். மறைத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் கருத்தில் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுவதுதான் சரி. நியாய தர்மத்தை விடுங்கள், நடைமுறையில் புது வீட்டில் ஒளித்து ஒளித்து மாத்திரை சாப்பிட முடியாது. நாலு நாள் விட்டுப்போகும், நோய் கிளம்பும். குழந்தை பற்றிக் கேட்டால்: நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்து, டாக்டரோடு திட்டமிட்டால் பெரும்பாலானவர்களால் பெற்றுக்கொள்ள முடியும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட் கருவைப் பாதிக்கும் என்பதால் அவற்றை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஹைட்ராக்ஸிக்ளோரோகுயினை வழக்கமாக நிறுத்துவதில்லை.

வேலையிடத்துக்கு ஒரு கடிதம் போதும்: நீண்டகால நோய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓ.பி., வெயிலில் நிற்கும் வேலை தவிர்க்கவும். வழக்கமான ஓ.பி. நாளில் கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மாற்றுத்திறனாளி அட்டை பற்றிச் சிலர் சொல்வார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் லூபஸ் பெயரோடு இல்லை. மூட்டோ பார்வையோ பாதித்து 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால் அந்த வகையில் விண்ணப்பிக்கலாம்.

6. பலத்தைப் பங்கு போடுங்கள்

உடம்பு நன்றாக இருக்கிற அன்று துணி, பாத்திரம், மாவாட்டுவது, மாமியார் வீடு எல்லாவற்றையும் முடித்துவிடத் தோன்றும். மறுநாளும் அதற்கு மறுநாளும் படுக்கை. அப்புறம் குற்றவுணர்ச்சி. நல்ல நாளில் முடிகிற வேலையில் முக்கால்வாசியோடு நிறுத்துங்கள். காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யுங்கள்.

வெயில் லூபஸைக் கிளப்பும். காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு வரை வெளிவேலை வேண்டாம். முடியாவிட்டால் குடை, முழுக்கைச் சட்டை, எஸ்.பி.எஃப். 30-க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன். பேருந்தில் கண்ணாடி வழியாகவும் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி வரும், நிழல் பக்கம் உட்காருங்கள். பொங்கலுக்கு வாசலில் அடுப்பு மூட்டும் வீடுகளில் பொழுது விடியும்போதே பானையை ஏற்றச் சொல்லுங்கள். கோயில் கொடை, தேர் எல்லாம் ராத்திரி நிகழ்ச்சிக்குப் போனால் போதும். எதற்கும் வராமல் ஒதுங்கிவிட்டால் மனசு இன்னும் சுருங்கும்.

7. ஃப்ளேர் வரும் முன்பே எழுதி வைக்க வேண்டிய தாள்

நோய் கிளம்புவதைத்தான் ஃப்ளேர் என்கிறார்கள். அப்போது யோசிக்க முடியாது. நன்றாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

எனக்கு ஃப்ளேர் ஆரம்பிப்பதன் அடையாளங்கள் (ஒவ்வொருவருக்கும் வேறு: காலையில் விரல் மடங்காமை, வாய்ப்புண், முடி கொட்டுவது, சிறுநீரில் நுரை). எந்த அடையாளத்துக்கு ஃபோன், எதற்கு நேரில். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கும்போது 100.4 டிகிரிக்கு மேல் ஜுரம் என்றால் அன்றைக்கே டாக்டர். குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர யார். சமையலுக்கு யார். அவசரத்துக்கு எடுக்க வேண்டிய பணம் எங்கே. கையிருப்பில் எப்போதும் இரண்டு வார மாத்திரை. புயல், மழைக்காலத்தில் கூடுதலாக.

மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் இந்தத் தாளில் பெரிய எழுத்தில் கிழமையை எழுதுங்கள். அது வாரத்துக்கு ஒருநாள் மட்டும். தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு வேறொருவர் கைக்கு மாறும் நாட்களில்தான் இந்தக் குளறுபடி நடக்கும்.

8. காத்திருக்கும் மாதங்களில்

ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் முழுதாக வேலை செய்ய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகலாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அசதியோப்ரினுக்கும் மாதங்கள்தான். இது தெரியாததால் இரண்டாவது மாதத்தில் பலர் நம்பிக்கை இழந்து வேறு வழி தேடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து யாராவது "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" சூரணத்தோடு வருவார்கள். நமக்குப் பிரச்சினையே எதிர்ப்புச் சக்தி தடம் மாறி வேலை செய்வது. சீந்தில் சேர்ந்த மருந்துகளைச் சாப்பிட்டு ஈரல் பாதித்தவர்களைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களில் ஏற்கெனவே ஆட்டோஇம்யூன் தன்மை இருந்தவர்களும் உண்டு. சித்தாவோ ஆயுர்வேதமோ பார்க்க விரும்பினால் பட்டம் பெற்றவரிடம் மட்டும், உங்கள் ரூமட்டாலஜி டாக்டருக்குத் தெரிவித்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்தாமல் பாருங்கள்.

இரண்டாவது கருத்துக் கேட்க நினைத்தால் தயங்க வேண்டாம், எந்த டாக்டரும் அதைத் தவறாக நினைக்கக் கூடாது. ஆனால் ஆறு மாதத்துக்குள் மூன்று நாலு இடம் மாறினால் எந்த மருந்துக்கும் வேலை செய்ய நேரம் கிடைக்காது. மாறுவதென்று முடிவு செய்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி மூன்று முறை எடுத்த ரத்த ரிப்போர்ட், பயாப்ஸி செய்திருந்தால் அதன் ஸ்லைடு ஆகியவற்றை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஸ்லைடு வாங்க எழுத்து மூலம் கேட்க வேண்டும், கிடைக்கச் சில நாள் ஆகும். புது டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் போடும் முன்பே கேட்டு வைத்துவிடுங்கள்.